பாயசத்தை ஊதிய காற்று

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால் ஒரு ராஜ்ஜியம் இருந்தது. ராஜா எப்படியோ, அரண்மனைச் சமையல் மட்டும் பிரமாதம். சமையல்காரர் பெயர் அம்பலம். அவருக்கு ஒரே மகள், ஆறு வயது நாச்சி. எத்தனை வேலை கிடந்தாலும் அவளுக்கு அவரேதான் ஊட்டுவார். சூடாக எது கொடுத்தாலும் ஒரு கரண்டிக்கு மூன்று ஊதல். "உஃபூ, உஃபூ, உஃபூ. ஆறிடுச்சு, குடி கண்ணு."

ஒருநாள் கரட்டுமலை மந்திரவாதி சமையலறைக்குள் வந்தான். ஒரு குண்டான் பாயசம் குடித்தான். இன்னொரு குண்டான் குடித்தான். மூன்றாவதாக, அடுப்போரம் இருந்த கிண்ணத்துக்குக் கை நீட்டினான்.

"சாமி, அது என் பொண்ணுக்கு எடுத்து வெச்சது" என்றார் அம்பலம்.

அவ்வளவுதான்! மந்திரவாதிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மந்திரக்கோலைத் தட்டினான். அம்பலம் நின்ற இடத்தில் அம்பலத்தைக் காணோம்.

"ஏய் குட்டி, உன் அப்பனைக் காத்தா மாத்திட்டேன். இங்கதான் இருக்கான். மூணு தடவை கட்டிப் பிடிக்கலாம். சரியாப் பிடிச்சா மனுஷனா வருவான். அடுப்பு அணையறதுக்குள்ள பிடிக்கலேன்னா வெளிக்காத்தோட கலந்துடுவான். அப்புறம் எந்த ஜென்மத்துலயும் கிடைக்கமாட்டான்!" என்று சொல்லிவிட்டு, வாசற்படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான், வேடிக்கை பார்க்க.

நாச்சியின் பிடரியில் ஏதோ சில்லென்று பட்டது. "அப்பா!" என்று திரும்பிக் கட்டிப் பிடித்தாள். ஒன்றுமில்லை. அது ஜன்னல் காற்று. அப்பாவைத் தேடி அங்குமிங்கும் ஓடினாள். முகத்தில் காற்று மோதியது. "அப்பா!" என்று மறுபடி கட்டிப் பிடித்தாள். ஒன்றுமில்லை. பாவம், குழந்தை தேம்பித் தேம்பி அழுதாள்.

"ஓடினா யார் முகத்துலயும் காத்து அடிக்கும், அம்மாடி. நீதான் அதுமேல போய் மோதின" என்று ஒரு குரல் கேட்டது. அம்மிக்குப் பின்னாலிருந்து ஒரு கரப்பான்பூச்சி மீசையை ஆட்டிக்கொண்டு வந்தது.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"உங்கப்பா எம்மேல செருப்பு வீசாத நாள் உண்டா? ஒரு நாளாவது பட்டிருக்கா? செருப்பு வர்றதுக்கு முன்னாடி காத்து வந்துடும். என் பின்பக்கத்து முடி அசையும். நான் எடுப்பேன் ஓட்டம்!"

"எனக்கு அங்கல்லாம் முடி இல்லையே" என்றாள் நாச்சி கவலையோடு.

"உனக்கு உடம்பு பூரா இருக்கு. கையை வெளிச்சத்துல சாய்ச்சுப் பாரு."

பார்த்தாள். பொன்நிறத்தில் பூனைமுடி!

"காத்து அசைஞ்சா அது சாயும். ஒவ்வொரு முடியோட வேரையும் ஒரு நரம்பு சுத்திக்கிட்டு இருக்கு. முடி சாஞ்சதும் அது உள்ளே சேதி சொல்லிடும். காத்து சும்மா நின்னா முடியும் சும்மா நிக்கும், காத்து இருக்கறதே தெரியாது. ஈரத்துமேல பட்டா இன்னும் சில்லுன்னு இருக்கும். அதனால கன்னத்தைத் துடைக்காதே, அப்படியே இருக்கட்டும்."

நாச்சி ஜன்னலைச் சாத்தினாள். அசையாமல் உட்கார்ந்தாள். முழங்காலில் அடுப்பின் அனல் பட்டது. பாதத்தில் கதவிடுக்குக் காற்று பட்டது. காதோரம் வேறு ஏதோ ஒன்று பட்டது.

"இதுல அப்பா எது?"

"எனக்குச் செருப்புக் காத்துதான் தெரியும். அப்பா காத்து உனக்குத்தான் தெரியும்" என்றது கரப்பான்பூச்சி.

அடுப்பில் ஒரே ஒரு கங்குதான் மிச்சம். மந்திரவாதி எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டான். அப்பா எப்போதும் என்ன செய்வார்? நாச்சி யோசித்தாள். சட்டென்று எழுந்து அடுப்போரக் கிண்ணத்தை எடுத்தாள். பாயசத்தில் ஆவி பறந்தது. ஒரு கரண்டி மொண்டாள். ஊதாமல் உதட்டருகே கொண்டுபோனாள்.

"ஐயையோ, சுடும்!" என்று கரப்பான்பூச்சி கத்தியது.

ஈரக் கன்னத்தில் சில்லென்று ஒன்று பட்டது. ஆவி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இன்னொன்று. இன்னும் ஒன்று.

நாச்சி கரண்டியைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தாள். கைக்குள் ஒரு தொப்பை வந்தது. வெங்காய வாசனை வந்தது. குவித்த உதட்டோடு அம்பலம் முழுசாக வந்தார்.

"ஆறிடுச்சு, குடி கண்ணு" என்றார். மகளை அள்ளி எடுத்துக்கொண்டார்.

மந்திரவாதி தலையைச் சொறிந்தான். "எனக்கு யாரும் ஊதிக் கொடுத்ததே இல்ல. ரெண்டு குண்டானும் நாக்கு வெந்துதான் குடிச்சேன்" என்றான் சின்னக் குரலில்.

நாச்சிக்கு மனசு கேட்கவில்லை. தன் பாயசத்தில் பாதியை ஊற்றி மூன்று தடவை ஊதினாள். "ஆறிடுச்சு, குடிங்க சாமி." அவன் குடித்தான். குடித்து முடித்ததும் மந்திரக்கோலை முறித்து அடுப்பில் வைத்தான். நன்றாகவே எரிந்தது.

அன்றிலிருந்து அம்பலம் செருப்பைத் தொடுவதில்லை. அம்மிக்குப் பின்னால் தினமும் ஒரு சொட்டுப் பாயசம் வைப்பார். அப்படியும் அவர் குனிந்தால் கரப்பான்பூச்சி ஓடத்தான் செய்யும். பழக்கதோஷம்!

நம்பாதவர்கள் கையை நனைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, உங்களுக்கு ஊட்டியவரையும் இன்னொருவரையும் மாற்றி மாற்றி ஊதச் சொல்லிப் பாருங்கள். யார் ஊதுகிறார்கள் என்று உங்கள் கைக்கே தெரியும்.