மண்டபத்துக்கு வேண்டிய பாறை

கடல் நடுவே நூறு கால் மண்டபம் கட்டுவேன் என்று துறைமுகத் தலைவர் தணிகாசலம் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். மண்டபம் நிற்க அடியில் பாறை வேண்டும். ஆய்வுக் கப்பலில் இருந்த மென்பொருளோ, கடலடியில் பட்டுத் திரும்பிய ஒலியைப் பிரித்துப் பார்த்து, திரை முழுக்கச் சேற்றுக்குரிய பழுப்பு நிறத்தையே பூசியது.

"பாறைன்னு மாத்துடா," என்றார் தலைவர், கணினி முன் இருந்த சிலுவைமணியிடம்.

"நானா மாத்த ஏலாது அய்யா. அடியில இருந்து ஒண்ணு எடுத்துக் காட்டணும். அப்பத்தான் இது நம்பும்."

"அப்ப எடு! மதியத்துக்குள்ள அங்கேயிருந்து பாறை வரலேன்னா உனக்கு வேலை கிடையாது. நீந்தியே வீட்டுக்குப் போ."

சிலுவைமணி மண்ணள்ளும் கருவியை இறக்கினான். சேறு வந்தது. மறுபடி இறக்கினான். முன்னதைவிட நல்ல சேறு வந்தது. பிறகு தூண்டிலை இறக்கினான்.

மதியம் மேலதிகாரிகள் படகில் வந்து ஏறினார்கள். தலைவர் மார்பை நிமிர்த்திக்கொண்டு, "பாறை கிடைச்சுதா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார்.

"கிடைச்சுது அய்யா," என்று சிலுவைமணி ஒரு வாளியைக் கொண்டுவந்து வைத்தான். உள்ளே இரண்டு பாறை மீன்கள் வாலை அடித்துக்கொண்டிருந்தன.

"என்னடா இது?"

"பாறைதான் அய்யா. அந்த இடத்துல வேற பாறை கிடையாது, கீழ முழுக்கச் சேறு. கேட்டது வந்துட்டுது, நான் நீந்த வேண்டாம்லா?"

அதிகாரிகளில் மூத்தவர் வாளிக்குள் குனிந்து பார்த்தார். "இதுமேல மண்டபம் நிக்குமாப்பா?"

"நல்லா நிக்கும் சார். சாயங்காலம் எந்த ஊர்ல நிக்கும்னுதான் சொல்ல முடியாது."