சந்தைக்குப் போன பசி

காலைத் தூக்கி என் மேல போடாத. போர்வைய இழுக்காத, அத்தைக்கும் குளிரும். "ம்" கொட்டணும், கொட்டலைன்னா கதை அங்கயே நின்னுடும். ம்?

ஒரு ஊர்ல ஒரு ஆளு இருந்தான். பேரு ஆண்டியப்பன். பொண்டாட்டி பேரு வடிவு. அவங்ககிட்ட ஒரு செவப்பு ஆடு, பேரு செவத்தி. பிள்ளை குட்டி கிடையாது. அதனால ஆண்டியப்பன் எதுன்னாலும் செவத்திகிட்டதான் சொல்லுவான். அது அசைபோட்டுக்கிட்டே கேக்கும். நல்ல ஆடு.

அவன் வாரக்கூலிய வாங்கி வடிவு கையில குடுத்துடுவான். அவ சந்தைக்குப் போயி அந்த வாரத்துக்கு வேண்டியதை வாங்கிட்டு வந்துடுவா. ஒரு வாரமும் அடுப்பு அணைஞ்சது இல்ல. எப்படிடி வாங்குறேன்னு இவன் கேட்டதும் இல்ல. ஆம்பிளைங்க கேக்க மாட்டாங்க.

அப்புறம் ஒரு நாள், வடிவு கிணத்தடில சர்ர்ருன்னு வழுக்கி தொபுக்குன்னு விழுந்துட்டா. காலு முறிஞ்சுபோச்சு. கட்டுப் போட்டுப் படுக்க வச்சுட்டாங்க. அப்போ சந்தைக்கு யாரு போறது? ஆண்டியப்பன்தான். ஆடு போகாதுல்ல. ம்?

சந்தை அன்னிக்குக் காலையில அவன் ரொம்ப சிக்கனமா யோசிச்சான். நாம சாப்பிடாம போனா ஒரு வேளை சோறு மிச்சமாச்சேன்னு. யாருகிட்டயும் சொல்லல. மஞ்சப்பைய அக்குள்ல இடுக்கிக்கிட்டு வெறும் வயித்தோட கிளம்பிட்டான்.

சந்தைக்குள்ள நுழையுற இடத்துலயே பூசணிக்கா குவிச்சு வச்சிருந்தாங்க. கொள்ளை மலிவு. வயிறு கொர்ர்ர்னுச்சு. மொத்தத்தையும் வாங்கிட்டான். அப்புறம் அரிசிக்குக் காசு பத்தல. அந்த வாரம் பூசணிக்கா கூட்டு, பூசணிக்கா குழம்பு, பூசணிக்கா மட்டும். தோலைச் செவத்திக்கு வச்சா, முதல்ல தின்னுச்சு. அப்புறம் அதுவும் திரும்பிப் படுத்துக்கிச்சு.

அடுத்த வாரமும் சாப்பிடாமத்தான் போனான். பூசணிக்கா பக்கம் திரும்பவே இல்ல, புத்தி வந்துடுச்சுல்ல. நேரா போனான். அங்க ஒரு அம்மா முறுக்கு சுட்டுக்கிட்டு இருந்தா. சொய்ங்ங்னு எண்ணெய்ச் சத்தம், கம்முன்னு வாசம். வயிறு கொர்ர்ர் கொர்ர்ர்னுச்சு. பை நிறைய முறுக்கு. அந்த வாரம் முறுக்கை ரசத்துல ஊறப்போட்டுத் தின்னாங்க. ராத்திரி புரண்டு படுத்தாக்கூட கடக் முடக்குன்னு கேக்கும். வடிவு காலி அரிசிப் பானையையே பாத்துக்கிட்டுப் படுத்திருந்தா. அதுதான் அவனுக்குப் பயமா இருந்துச்சு.

மூணாவது வாரம் வீட்டுல அரிசி இல்ல. வடிவு மெதுவா சொன்னா, செவத்தியையும் கூட்டிட்டுப் போங்க, காசு பத்தலைன்னா அதை வித்துட்டு அரிசி வாங்கிட்டு வாங்கன்னு. ஆண்டியப்பன் போயி ஆட்டுகிட்ட விஷயத்தைச் சொன்னான். அது அசைபோட்டுச்சு. அவனுக்கு அழுகை வந்துடுச்சு. எனக்கும் இந்த இடத்துல வரும், நீ கண்டுக்காத.

கயித்தைப் பிடிச்சுக்கிட்டு வாசல் தாண்டுறான், வயிறு கொர்ர்ர்னு கத்துது. படுத்திருந்த வடிவுக்கே கேட்டுடுச்சு.

"சாப்ட்டீங்களா?"

"இல்ல. சந்தை அன்னிக்கு நான் சாப்பிடறதில்ல. மிச்சம் பிடிக்கிறேன்."

வடிவு கையை ஊணி எந்திரிச்சு உக்காந்தா. அப்புறம், "நான் பழைய சோறு தின்னாம ஒரு தடவகூட சந்தைக்குப் போனதில்ல"ன்னா. பக்கத்து வீட்டுல குடுத்த சோறு பானையில கொஞ்சம்தான் கிடந்துச்சு. ரெண்டு பேருக்கும் அதுதான். அத்தனையும் அவனைத் தின்னச் சொல்லிட்டா. வெங்காயத்தைக் கடிச்சுக்கிட்டுத் தின்னான். அவ தண்ணியக் குடிச்சுட்டுப் படுத்துக்கிட்டா. ம்? தூங்கிட்டியா? சரி.

அப்போ சந்தைக்குப் போனான். பூசணிக்கா அது பாட்டுக்குக் கிடந்துச்சு. முறுக்கு சொய்ங்ங்னுச்சு. வயிறு வாயே திறக்கல. சந்தைய ஒரு சுத்து சுத்தி எல்லா இடத்துலயும் விலை கேட்டான். முதல்ல அரிசி, அப்புறம் பருப்பு, அப்புறம் புளி, வெங்காயம். பை நிறைஞ்சும் கையில காசு மிச்சம் இருந்துச்சு. அவன் திரும்பத் திரும்ப எண்ணிப் பாத்தான்.

அப்போ ஒரு ஆட்டுத் தரகர் வந்து செவத்தி முதுகைத் தடவி, என்ன விலைன்னு கேட்டாரு. ஆண்டியப்பன் நெஞ்சை நிமித்திக்கிட்டு, "விக்கிறதுக்கு இல்லைங்க, சும்மா கூட வந்துச்சு"ன்னான்.

சொல்லி முடிக்கல, பின்னாடி கறுக் முறுக், கறுக் முறுக். திரும்பிப் பாத்தா, செவத்தி கீரைக்காரம்மா கடைக்குள்ள தலையை விட்டு ஒவ்வொரு கட்டா ருசி பாத்துக்கிட்டு இருக்கு. அந்தம்மா இடுப்புல கைய வச்சுக்கிட்டு ஆட்டைப் பாக்கல, இவனைப் பாத்தா. மிச்சக் காசு மொத்தமும் அங்க போச்சு. கடிபட்ட கீரைய எல்லாம் தோள்ல போட்டுக்கிட்டு வீட்டுக்கு வந்தான்.

வடிவு முதல்ல கயித்தைத்தான் பாத்தா. அந்தப் பக்கம் ஆடு இருந்துச்சு. அப்புறம்தான் அவளுக்கு மூச்சு வந்துச்சு. அரிசியப் பாத்தா, பருப்பைப் பாத்தா. "இத்தனை கீரை எதுக்கு?"ன்னா.

"நான் சாப்ட்டுட்டுத்தான் போனேன். செவத்தி சாப்பிடல."

வடிவு சிரிச்சா பாரு, கட்டுப்போட்ட காலு வலிக்க வலிக்கச் சிரிச்சா. அன்னிக்கு அவதான் முதல்ல சாப்ட்டா, கீரைக் கடைசலும் சோறும். அதுக்கப்புறம் சந்தை அன்னிக்கு வாசல்ல அவங்க ரெண்டு பேரையும் நிறுத்தி, சாப்ட்டாச்சான்னு கேப்பா. ஒண்ணு "ஆச்சு"ங்கும். ஒண்ணு "மே"ங்கும்.

நாளைக்குக் கடைக்கு என்கூட வரேன்னு குதிச்சியே, காலையில தோசை தின்னாத்தான் கூட்டிட்டுப் போவேன். போன தடவை நீ என் முந்தானையப் பிடிச்சு இழுத்து வாங்க வச்ச பிஸ்கட்டு இன்னும் டப்பால கிடக்கு.

ம் வரல. சரி. ஆட்டைக் கட்டியாச்சு, கதைக்குக் கதவைச் சாத்தியாச்சு. நீ தூங்கு.