பட்டத்து யானை ஓடிய போர்

செம்பாறை நாட்டு மன்னன் வச்சிரதேவனுக்குப் பேரரசு ஆசை பிடித்துக்கொண்டது. இரண்டு மாதத்தில் இரண்டு போர், இரண்டிலும் வெற்றி. பருந்துக்குன்றுக் கோட்டையையும் பிடித்துவிட்டால் சக்கரவர்த்திப் பட்டம்தான்.

கிளம்பும்போது மீசையை முறுக்கிக்கொண்டு முழங்கினான்:

"எதிரிக்கு முதுகு காட்டுபவன் தலை உருளும்! அது யாராக இருந்தாலும் சரி!"

பட்டத்து யானைமேல், மன்னனுக்கு வெற்றிலை மடித்துக் கொடுக்க உட்கார்ந்திருந்த அரசவை விதூஷகர் அம்பலத்தாடி, மடித்த வெற்றிலையைத் தன் வாயிலேயே போட்டுக்கொண்டார். அவர் போரைச் சுவர்ச் சித்திரத்தில் மட்டுமே பார்த்தவர்.

கோட்டை வாசலை நெருங்கியதும் மேலேயிருந்து எவனோ ஒரு தேன்கூட்டைத் தூக்கிப் போட்டான். அது நேரே யானையின் தும்பிக்கையில் விழுந்தது. அவ்வளவுதான், யானை ஒரே சுழலாகச் சுழன்று ஓட்டம் பிடித்தது! சுழன்ற வேகத்தில் அம்பலத்தாடி சறுக்கி, மன்னனுக்குப் பின்னால் வால்பக்கம் பார்த்தபடி கயிற்றைப் பிடித்துக்கொண்டார். அரசர் போகும் திசைதான் முன்பக்கம் என்று நினைத்துப் படையும் பின்னாலேயே ஓடியது.

எதிரிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கதவைத் திறந்துபோட்டு மொத்தமாகத் துரத்தி வந்தார்கள். தேனீக்களுக்கு எந்தக் கட்சி என்று தெரியுமா? வந்தவர்களையும் பிய்த்து எடுத்தன. வாளை எறிந்துவிட்டு அத்தனை பேரும் குளத்தில் குதித்தார்கள். பக்கவாட்டில் ஒதுங்கி நின்ற செம்பாறைத் தளபதி காளிங்கன், ஆளில்லாத கோட்டைக்குள் நடந்தே போய்க் கொடியேற்றினான்.

மறுநாள் பட்டாபிஷேகம். காளிங்கன் எழுந்தான்.

"மகாராஜா, முதலில் தங்கள் கட்டளை. அம்பலத்தாடி முதுகு காட்டி ஓடினார். தலையை எடுக்க வேண்டும்."

மன்னன் சங்கடமாக இருமினான். அதே யானைமேல்தானே அவனும் இருந்தான்! அம்பலத்தாடி கழுத்தைத் தடவிக்கொண்டார்.

"தளபதியாரே, நான் எதிரியைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தேன். சந்தேகமென்றால் என் மூக்கைப் பாருங்கள்!"

தேனீ கொட்டி மூக்கு கொழுக்கட்டையாக வீங்கியிருந்தது.

"அப்படியானால் மன்னர்..." என்று ஆரம்பித்த காளிங்கன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"மன்னரின் முதுகா? நடுவில் நான் இருந்தேனே! இந்தப் பருத்த உடம்பைத் தாண்டி யாருக்கு என்ன தெரியும்?"

"யானை ஓடியதே ஐயா! அதன் முதுகு?"

"அதன்மேல்தான் நாங்கள் இருவரும் உட்கார்ந்து மறைத்துக்கொண்டிருந்தோம். எதிரி கண்டது வாலை மட்டும்தான். மகாராஜா, வால் காட்டக்கூடாது என்று தாங்கள் சொல்லவே இல்லையே!"

சக்கரவர்த்தி சிரித்த சிரிப்பில் புதுக் கிரீடம் மூக்குவரை இறங்கிவிட்டது. அதைத் தூக்கிவிடக்கூட மறந்து, "இவருக்கு ஒரு கிராமத்தைக் கொடுங்கள்!" என்றான்.