அணில் சொல்ல மறுத்த பதில்

மருதங்காட்டுக் குளக்கரையில் நாரை வாத்தியார் காட்டின் வரலாற்றை நடத்தி முடித்திருந்தார். பரீட்சைக்கு இரண்டே நாள். "படித்ததை வினாடி வினா வைத்துப் பார்ப்போம்!" என்றார்.

ஒரு குழுவுக்கு அணில் தலைவன், இன்னொன்றுக்குக் காகம். பதில் தெரிந்தவர் தலைவன் காதில் சொல்ல வேண்டும். தலைவன் மட்டுமே வாய் திறக்கலாம். ஜெயிக்கிற தலைவனின் பெயரை மரங்கொத்தி மருத மரத்தில் கொத்தி வைக்கும். அந்த ஆசையில் அணிலுக்கு இருப்பே கொள்ளவில்லை.

"வெள்ளத்தில் மான்கள் எங்கே ஏறித் தப்பின?"

புதிதாக வந்த முள்ளெலி அணிலின் காதில் கிசுகிசுத்தது. "கரட்டுமேடு!" என்று கத்தியது அணில்.

"சரி!" என்றார் வாத்தியார். ஆனால் குழுவே, "சபாஷ், முள்ளெலி!" என்று கூத்தாடியது. அடுத்த கேள்விக்கும் அதே கதைதான்.

அணிலுக்கு வயிறு எரிந்தது. 'தொண்டை கிழியக் கத்துறது நான், கைதட்டு இவனுக்கா? நேத்து வந்த பயலுக்கு இவ்வளவு மவுசா!'

இரண்டு குழுவும் சமமாக நின்றன. கடைசிக் கேள்வி வந்தது.

"பெரிய காட்டுத்தீயை முதலில் பார்த்து, கத்திக் கத்திக் காட்டையே எழுப்பியது யார்?"

அந்தப் பாடம் நடந்த அன்று அணில் கொய்யா மரத்தில் இருந்தது. எப்படித் தெரியும்?

முள்ளெலி ஓடி வந்தது. "அண்ணே, ஒரு அணில்தான்! உங்க முப்பாட்டன்!"

'ஐஸ் வைக்கிறான்! அப்படியே சரியா இருந்தாலும் பேர் இவனுக்குத்தான் போகும். அதையும் பார்த்துடறேன்!' என்று நினைத்த அணில், "காகம்!" என்று உரக்கச் சொன்னது.

"தப்பு! எதிர்க்குழு சொல்லலாம்" என்றார் வாத்தியார்.

"அணில்தான், வாத்தியாரே!" என்றது காகம். "வால் கருகியும் மரத்துக்கு மரம் தாவிக் கத்தினாராமே! அவர் இல்லேன்னா எங்க வம்சமே இல்லை. இது இவனுக்குத் தெரியாதா?"

மரங்கொத்தி காகத்தின் பெயரைக் கொத்தத் தொடங்கியது. அணில் அவமானத்தில் வாலால் முகத்தை மூடிக்கொண்டது.

முள்ளெலி மெல்லக் கேட்டது: "என் மேல கோபம்னா என்னைத் திட்டியிருக்கலாமே அண்ணே! உங்க முப்பாட்டன் என்ன பாவம் செஞ்சார்?"



கூட இருப்பவனுக்குப் பெயர் வரக்கூடாது என்று பொறாமைப்படுகிறவன், தனக்கு வரவேண்டிய பெயரையும் தன் வாயாலேயே தொலைப்பான்.