கிள்ளான் குரங்கின் கைபேசி

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. ஆனால் இப்போது கிடைக்காது. முதலில் ஒரு புண்ணைப் பார்த்தாக வேண்டும்.

மலைக்காட்டு ஓடையின் இக்கரையில் கிள்ளான் என்றொரு குரங்கு இருந்தது. அதன் உள்ளங்கையை இண்ட முள் நன்றாகக் கிழித்துவிட்டது. இக்கரையிலோ பழமெல்லாம் தீர்ந்துகொண்டிருந்தது. முதல் மழை விழுந்ததும் குரங்குக் கூட்டம் ஓடையைத் தாண்டி அக்கரை அத்திமரங்களுக்குத் தாவிவிடும். கிளையைப் பிடிக்க முடியாத குரங்கு இங்கேயே கிடந்து பட்டினிதான்!

இதில் அங்கே இருந்த ரெட்டைவால் கரிச்சான் குருவிக்கு என்ன கவலை? வயிற்றுக் கவலை! குரங்கு கிளையை உலுக்கினால் பூச்சி கிளம்பும். கிளம்பிய பூச்சி கரிச்சானின் வாய்க்குப் போகும். கிள்ளானைப் போல உலுக்க வேறு குரங்கு கிடையாது.

"இவனை அக்கரைக்குத் தாவ வைக்காமல் விட மாட்டேன்!" என்று கரிச்சான் முடிவு கட்டியது.

ஆனால் புண் ஆற வேண்டுமே! நலம் விசாரிக்க வந்த சித்தப்பா குரங்கு புண்ணின் மேல் காய்ந்திருந்த பொருக்கைப் பிய்த்துப் பார்த்தது. "அடடா, ரத்தம் வருதே!" பிறகு அத்தை குரங்கு வந்து பிய்த்தது. "ஆமாம், வருது!" யாரும் வராதபோது கிள்ளானே பிய்த்துக்கொண்டது.

"டேய் கிள்ளா, அதை விடுடா!" என்றது கரிச்சான்.

"உன் வேலையைப் பாரு! என் கை, என் புண்!"

கரிச்சானுக்கு வராத குரல் இல்லை. பருந்தாகக் கூவும், பூனையாகச் சீறும். சத்தமில்லாமல் கிள்ளானின் தலைக்கு மேலே இலைக்குள் ஒளிந்தது. கிள்ளான் மறுபடி நகத்தைக் கொண்டுபோனது.

"ஐயோ! யாருப்பா கூரையைப் பிரிக்கிறது?" என்றது ஒரு கீச்சுக் குரல்.

கிள்ளான் துள்ளி விழுந்தது. "யா... யாரு?"

"உன் கைதான்! உள்ளே வேலை நடக்குது!"

கிள்ளான் உள்ளங்கையைக் காதில் ஒட்டிக்கொண்டது. இப்போது ஒரு மேஸ்திரிக் குரல் கேட்டது. "ஓரத்துத் தோலாளுங்க நகர்ந்து வாங்க! நார் பின்னுறவங்க எங்கே? ரத்தக் குழாய் இன்னும் வரலையா?"

"வந்துட்டோம் மேஸ்திரி!" என்றது ஒரு கட்டைக் குரல்.

"அந்தப் பொருக்கு..."

"பொறுக்கவா? இதோ!" என்று கிள்ளான் நகத்தை நீட்டியது.

"அட மக்கு! பொருக்கைப் பொறுக்காதே, பொறு! ஆளுங்களைக் கூப்பிடுறவன் அதுக்குள்ளதான் இருக்கான். நீ பிய்ச்சா அவனும் போயிடுவான். கூப்பிடாம யாரு வருவா?"

தான் விடுவது சுத்தப் புளுகு என்றுதான் கரிச்சானும் நினைத்தது. ஆனால் அது நிஜம்! உறைந்த ரத்தத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத தூது கிளம்பும். அதைக் கேட்கும் காது தோலின் ஒவ்வொரு உயிரணுவிலும் உண்டு. கேட்டதும் உயிரணுக்கள் பெருகும், நகரும், புண்ணை மூடும்.

சிரிப்பு எங்கே என்கிறீர்களா? நீங்களும் பொறுங்கள்!

அத்தை குரங்கு மறுபடி வந்தது. கிள்ளான் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தது. "தொடாதே அத்தை! உள்ளே ஆளுங்க வேலை செய்யுறாங்க!"

"இவனுக்கு மூளை கலங்கிடுச்சு!" என்று அத்தை ஓடியே போனது.

"அரிக்குதே!" என்று கிள்ளான் முனகியது.

"அரிக்கட்டும்! தோல் சேருது!" என்றது கை. கொழுத்த தும்பி ஒன்று கரிச்சானின் மூக்குக்கு நேரே பறந்தது. கரிச்சான் அசையவில்லை. கிள்ளானும் பல்லைக் கடித்துக்கொண்டு கையின் மேலேயே உட்கார்ந்துவிட்டது.

ஒரு காலையில் பொருக்கு தானாக உதிர்ந்தது. அடியில் இளஞ்சிவப்பாய்ப் புதுத் தோல்! அன்றே மழையும் விழுந்தது. கூட்டம் அக்கரைக்குத் தாவியது. கிள்ளான் மட்டும் கடைசிக் கிளையில் நின்றுவிட்டது.

"கையே, பிடிப்பியா?"

"பிடிப்பேன்! தாவுடா!"

தாவியது. அக்கரைக் கிளையை இறுகப் பிடித்துத் தொங்கியது.

"பிடிச்சிட்டியா? விட்டுடாதே!" என்று கை கத்தியது. ஆனால் சத்தம் இக்கரையிலிருந்து வந்தது!

கிள்ளான் கையைப் பார்த்தது. கை இங்கே இருக்கிறது. குரல் அங்கே கேட்கிறது! திரும்பிப் பார்த்தது. இலைக்கு வெளியே ஒரு பிளந்த வால் நீட்டிக்கொண்டிருந்தது.

"அடேய் ரெட்டைவாலா! நீயாடா என் கை?"

புண்ணை ஆற்றும் வேலை உள்ளே தானாக நடக்கும். அதைக் கிளறாமல் பொறுத்திருக்கும் உறுதிதான் நாம் போட வேண்டிய மருந்து.