வெண்கண்ணி அடைத்த துளை

வெயில் தரையைத் தொடாத அடர்ந்த காடு ஒன்றில், உயர்ந்த மரத்துப் பொந்தில் இரண்டு இருவாச்சிப் பறவைகள் குடியிருந்தன. ஆண் செங்கண்ணன், பெண் வெண்கண்ணி.

இருவாச்சிகளின் வழக்கம் தெரியுமா, குழந்தைகளே? முட்டையிடும் காலத்தில் பெண் பொந்துக்குள் போய் வாசலை மண்ணால் பூசி மூடிக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு துளை மட்டும் இருக்கும். ஆண் அதன் வழியே பழம் ஊட்டும்.

குஞ்சுகள் வளர்ந்து பறந்து போயின. வெண்கண்ணியால் மட்டும் போக முடியவில்லை. அதன் சிறகில் தீராத நோய். பாம்புக்குப் பயந்து வாசலை மறுபடி பூசிக்கொண்டு உள்ளேயே கிடந்தது. மழை போய் வெயில் வந்தது, வெயில் போய் மழை வந்தது, இப்படியே ஆண்டுகள் பல ஓடின. செங்கண்ணன் பழம் கொண்டுவருவது நிற்கவே இல்லை.

பக்கத்துக் கிளை மைனாவுக்கு அந்தப் பொந்தின் மேல் ஒரு கண். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையாக அது வந்து உட்கார்ந்தது.

"பாவம் அக்கா, அண்ணன் இளைத்துத் துரும்பாகிவிட்டார். நீ இருக்கும்வரை அவருக்கு ஏது விடிவு?"

வெண்கண்ணியின் நெஞ்சு உடைந்தது. அழுதுகொண்டே ஈரமண்ணை எடுத்து அந்தத் துளையையும் அடைத்துவிட்டது.

அத்திப்பழத்தோடு வந்த செங்கண்ணன் பதறியது. "வெண்கண்ணி! என்ன இது? திற!"

"போய்விடுங்கள். முன்பு முட்டையிட்டபோதும் உள்ளே அடைந்து கிடந்தேன்தான். ஆனால் ஒருநாள் பறப்பேன் என்று தெரியும். இனி எதை நம்பி இருப்பது?"

"அன்று மட்டும் நான் பருந்திடம் சிக்காமல் திரும்புவேன் என்று தெரியுமா? என்னை நம்பித்தானே வாசலை மூடினாய்? இன்றும் என்னை நம்பு."

துளை திறக்கவில்லை. செங்கண்ணன் கழுத்தை நீட்டிக் கூவியது. அந்தக் குரல் மலைக்கு மலை போயிற்று.

சற்று நேரத்தில் காடே அதிர்ந்தது. புயல் வருகிறதோ என்று குரங்குகள் கிளையை இறுகப் பிடித்தன. புயல் அல்ல, சிறகோசை! வெண்கண்ணியின் பிள்ளைகள், அவற்றின் துணைகள், பேரப்பிள்ளைகள் எல்லாம் வந்து மரம் நிறைய அமர்ந்தன. ஒவ்வோர் அலகிலும் ஒரு பழம். அதனால் ஒன்றும் பேசவில்லை, காத்திருந்தன. அப்பப்பா, அந்தக் காட்சியை என்னவென்று சொல்வேன்! ஓயாமல் பேசும் மைனாவே வாயடைத்துப் போயிற்று.

பொந்துக்குள் மெல்லக் கொத்தும் சத்தம் கேட்டது. ஈரமண் உதிர்ந்தது. துளை வழியே ஓர் அலகு நீண்டது.

வெண்கண்ணியின் சிறகு அதன் பிறகும் குணமாகவில்லை. ஆனால் மறுநாள் விடிந்தபோது, பழம் வரும் முன்பே அந்த அலகு துளையில் காத்திருந்தது.

நீதி: தீராத நோயோடும் வாழலாம், அன்போடு வருபவர்க்கு வாசலை அடைத்துவிட்டு வாழ முடியாது.