காலியாக விடமுடியாத கட்டம்

சீடருக்கு ஐம்பத்து மூன்று வயது, குருவுக்கு முப்பத்து நான்கு. மென்பொருள் கம்பெனியில் இதெல்லாம் சகஜம். வங்கி வேலையை விட்டு வந்த பத்மநாபன், பரிமளாவிடம்தான் தொழில் கற்றார்.

ஓர் அரசு மருத்துவமனையில் நோயாளிகளுக்குச் சீட்டுப் போட மென்பொருள் கேட்டிருந்தார்கள். என்னென்ன வேண்டும் என்று விசாரித்து, நாற்பத்திரண்டு பக்கம் எழுதி, பக்கத்துக்குப் பக்கம் அதிகாரியிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டார் பத்மநாபன். அதன்படி மென்பொருளும் தயாராகிவிட்டது. மனிதருக்குப் பெருமை தாங்கவில்லை.

"எல்லாம் சரின்னு இப்ப சொல்லிடலாமா மேடம்?"

"நாளைக்குக் கவுன்டர்ல பார்த்துட்டுச் சொல்லுங்க" என்றார் பரிமளா. மறுநாள் காலை வெள்ளோட்டம். இனி கையால் சீட்டு எழுதக்கூடாது என்று அதிகாரியின் உத்தரவு. பரிமளா கவுன்டரில் எழுத்தருக்குப் பக்கத்தில் பத்மநாபனை நிற்கவைத்து, தானும் நின்றார்.

காய்ச்சலில் துவண்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பெண் வந்தார்.

"அப்பா பேரு?" என்றார் எழுத்தர்.

"அது வேண்டாம். என் பேரைப் போடுங்க. செல்வராணி."

"அப்பா பேரு இல்லாம கம்ப்யூட்டர் நகராதும்மா. ஏதாவது ஒரு பேரைச் சொல்லுங்க."

"எதுக்குச் சொல்லணும்? வளர்க்கிறது நான். பொய் சொல்ல மாட்டேன், இங்கேருந்து நகரவும் மாட்டேன். சீட்டக் குடுங்க."

வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. செல்வராணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குழந்தை அனத்தியது. பத்மநாபன் அவசரமாகக் கோப்பைப் புரட்டினார்.

"பதினேழாம் பக்கம், மேடம். அப்பா பேரு கட்டாயம் வேணும்னு ஆஸ்பத்திரியிலதான் கேட்டாங்க."

பரிமளா கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார். அப்பா பெயர்க் கட்டத்தில் 'பத்மநாபன்' என்று தட்டினார். சீட்டு உடனே அச்சாகி வந்தது.

"ஐயோ மேடம், என் பேரா!"

"உங்க பேரேதான். நாப்பத்திரண்டு பக்கத்துல ஒண்ணுகூடத் தடுக்கலையே."

செல்வராணி அந்தச் சீட்டை வாங்கி, நாலாகக் கிழித்துக் கவுன்டர்மேல் போட்டார்.

"எம்புள்ளைக்கு யார் பேரும் ஓசியில வேண்டாம்."

எழுத்தருக்கே வெட்கமாகிவிட்டது. "அதிகாரி திட்டினா திட்டட்டும்" என்று ஒரு வெள்ளைத்தாளை எடுத்தார். குழந்தை பெயரையும் தாய் பெயரையும் கையால் எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார். செல்வராணி டாக்டர் அறைக்கு ஓடினார்.

பத்மநாபனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஆனாலும் மனிதர் விடவில்லை.

"எல்லாப் பக்கத்துலயும் கையெழுத்து இருக்கே மேடம்!"

"இருக்கு சார். அந்தம்மாவோட கையெழுத்து எந்தப் பக்கத்துல இருக்கு?"